47 வயதில் வேலையை விடலாமா? நான்கு வழிகள், நான்கு கணக்குகள்

"கையில் இவ்வளவு இருக்கிறது, வயது இவ்வளவு, வேலையை விட்டுவிடலாமா?" என்று சமீபமாக நிறைய பேர் கேட்கிறார்கள். எல்லோரும் 45-க்கும் 50-க்கும் நடுவில் இருப்பவர்கள், தனியார் கம்பெனிக்காரர்கள். பென்ஷன் உள்ள அரசு வேலையில் இருப்பவர்களின் கணக்கே வேறு, அவர்களை இங்கே சேர்க்கவில்லை.

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் 26 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு 51 வயதில் வெளியே வந்தவன் நான். சரியாகச் செய்ததும் தப்பாகச் செய்ததும் நினைவில் இருக்கின்றன. அந்த நினைவோடு, என்னிடம் வந்த ஒருவருடைய கணக்கை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மடித்த தாளோடு வீட்டுக்கு வந்தார். வயது 47, மனைவிக்கு 43, மகன் பன்னிரண்டாம் வகுப்பு. சொந்த வீடு, கடன் இல்லை. பி.எஃப் 70 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 80 லட்சம், வங்கியிலும் போஸ்ட் ஆபீஸிலும் 30 லட்சம், பி.பி.எஃப் என்ற அரசு சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம். ஆக 2 கோடி.

"அண்ணே, மாசம் 60 ஆயிரம் செலவு. வருஷத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். ரெண்டு கோடியை பேங்க்ல போட்டாலே 14 லட்சம் வட்டி வருது. அப்புறம் நான் எதுக்கு வேலைக்குப் போகணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தாளில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயிருந்தன. ஒன்று, விலைவாசி. வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்றைய 7.2 லட்சம் அவருடைய 59 வயதில் 14.4 லட்சம், 71 வயதில் ஏறக்குறைய 29 லட்சம். வட்டியை முழுக்க எடுத்துச் சாப்பிட்டால் அசல் அதே 2 கோடியில் நிற்கும், வட்டியும் அதே 14 லட்சத்தில் நிற்கும். அதுவும் வட்டி விகிதம் குறையாமல் இருந்தால்தான். 2020 கடைசியில் ஸ்டேட் பேங்க் ஐந்து வருஷ டெபாசிட்டுக்குத் தந்தது 5.4 சதவீதம். இரண்டாவது, அந்த 60 ஆயிரமே சரியான எண் இல்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

உண்மையான ஆண்டுச் செலவு. மற்ற எல்லாக் கணக்கும் இதன் மேல்தான் நிற்கிறது. அவர் மனைவியை ஃபோனில் கூப்பிட்டு மளிகை நோட்டையும் மொய் நோட்டையும் எடுத்துவரச் சொன்னோம். மளிகை, பால், கரண்ட், கேஸ், பெட்ரோல், டியூஷன் எல்லாம் சேர்ந்து மாதம் 60 ஆயிரம் என்பது சரியாகத்தான் இருந்தது. மாதாமாதம் வராத செலவுகள்தான் தாளில் இல்லை.

மொய் நோட்டைப் புரட்டியபோது அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு யார் யார் எவ்வளவு செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. திருப்பிச் செய்த பெயர்களுக்கு எதிரே டிக். டிக் இல்லாத பெயர்கள் பாதிக்கு மேல். வேலையை விட்டுவிட்டேன் என்பதற்காக அந்தக் கல்யாணங்களுக்குப் போகாமல் இருக்க முடியுமா? மொய், சீர், கோயில் காரியம் எல்லாம் சேர்த்து வருஷம் 55 ஆயிரம் என்று போட்டோம். இதுவரை கம்பெனி கட்டிய மருத்துவக் காப்பீட்டை இனி அவரே கட்ட 45 ஆயிரம். வீட்டு வரி, வண்டி இன்சூரன்ஸ் 25 ஆயிரம். வெள்ளையடிப்பு, ஃபிரிட்ஜ் மாற்றுவது, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி மாற்றுவது இதையெல்லாம் வருஷத்துக்குச் சராசரியாக்கினால் 55 ஆயிரம். கூட்டினால் 1.8 லட்சம். ஆகவே ஆண்டுச் செலவு 9 லட்சம். மகன் படிப்பு முடிந்து தன் காலில் நின்றதும், 52 வயதிலிருந்து 8 லட்சம் என்று வைத்தோம். இரண்டும் இன்றைய விலையில்.

தொடக்கூடாத பணம். மகனின் கல்லூரிக்கு 20 லட்சம், அவருடைய அம்மாவின் மருத்துவத்துக்கு 10 லட்சம். இந்த 30 லட்சத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். ஓய்வுக்கு மிஞ்சுவது 1 கோடியே 70 லட்சம்தான்.

குடியிருக்கும் வீட்டையும் நகையையும் கூட்டலில் சேர்க்காதீர்கள். வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் அதன் விலையைப் பார்க்காமல் வாடகையை மட்டும் பாருங்கள். 80 லட்சம் பெறும் ஃபிளாட்டுக்கு மாதம் 20 ஆயிரம் வாடகை என்றால் வருமானம் 3 சதவீதம். அதிலும் வரி, மராமத்து, வாடகைக்கு ஆள் வராத மாதங்கள் எல்லாம் போகும்.

மருத்துவக் காப்பீடு. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் கடைசி வேலை நாளோடு நின்றுபோகும் என்று தெரியும். அதனால் ஒரு மாதம் முன்னாலேயே சொந்தமாகப் பாலிசி எடுத்துவிட்டேன். அது போதும் என்று நினைத்தேன். எட்டாவது மாதத்தில் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல். ஆஸ்பத்திரியில் அந்தக் கவுன்ட்டர் பெண் பாலிசியின் ஒரு பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார். குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு இரண்டு வருஷம் காத்திருப்புக் காலம், அந்தப் பட்டியலில் பித்தப்பைக் கல்லும் இருந்தது. 1 லட்சத்து 20 ஆயிரம் கையிலிருந்து கட்டினேன். சர்க்கரை, பிரஷர் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்பு மூன்று வருஷம் வரை போகலாம். அதனால் வேலையை விடும் நாளுக்கு மூன்று வருஷம் முன்பே சொந்தப் பாலிசி ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். தனிநபர் பாலிசிகளுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியிருக்கிறது, அந்த அளவுக்கு ஒரு நிம்மதி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நம்பி உட்காரலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். 2 கோடி வைத்திருப்பவருக்கு வட்டி வருமானமே அதைத் தாண்டிவிடும்.

முதல் சில வருஷங்களின் சந்தை. சராசரியாக என்ன கிடைக்கும் என்பது மட்டும் போதாது, விழுகிற வருஷம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. 2009 மார்ச்சில் 8,200-க்கும் கீழே. மறுபடி 21,000-க்கு வர 2010 நவம்பர் ஆனது. சம்பளத்தில் இருந்தவர் மாதாமாதம் ஃபண்டில் போடும் எஸ்ஐபியைத் தொடர்ந்து கட்டி லாபம் பார்த்தார். அந்த ஜனவரியில் வேலையை விட்டு, மாதாமாதம் ஃபண்ட் யூனிட்டை விற்றுச் சாப்பிட்டவரிடம், சந்தை திரும்பி வந்தபோது ஏறுவதற்கு யூனிட்டே குறைவாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பி வர முடியுமா. கணக்குத் தப்பிப்போனால் 60 வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? 50 வயதில் கொடுக்கலாம். இந்த வித்தியாசத்துக்கு விலை உண்டு.

## அட்டவணை

முதலீடு வரி போக 8 சதவீதம் தருகிறது, விலைவாசி 6 சதவீதம் ஏறுகிறது என்று ஒரு கணக்கு. 8-க்குப் பதில் 7 மட்டுமே கிடைத்தால் என்று இன்னொன்று. 1.7 கோடியிலிருந்து தொடங்கி, பணம் எந்த வயதில் தீரும் என்று பார்த்தோம்.

| வழி | 8% கிடைத்தால் பணம் தீரும் வயது | 7% கிடைத்தால் | பெரிய மறைசெலவு | திரும்பி வர |
|---|---|---|---|---|
| 1. இப்போதே (47) விடுவது | 72 | 69 | காப்பீடு, கைமாற்று, கடன் கிடைக்காமை | முதல் 3 வருஷத்துக்குள் முடியும் |
| 2. 55 வரை பாதி வேலை (மாதம் 50 ஆயிரம்) | 82 | 77 | நிலையில்லாத வரவு, கம்பெனி பி.எஃப் பங்கு இழப்பு | எளிது |
| 3. இன்னும் 5 வருஷம் (52), வருஷம் 4 லட்சம் சேமிப்பு | 87 | 80 | வேலை அதுவரை இருக்குமா என்ற நிச்சயமின்மை | ஓரளவு |
| 4. 58 வரை, வருஷம் 4 லட்சம் சேமிப்பு | 100-க்கு மேல் | 92 | உடம்பு, காலம் | தேவையில்லை |

வழி 2-இல் வரவும் வழி 3, 4-இல் சேமிப்பும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்று வைத்திருக்கிறேன்.

ஒரு சதவீதம் குறைந்ததும் ஒவ்வொரு வரியிலும் என்ன நடக்கிறது பாருங்கள். 87 என்பது 80 ஆகிறது. எனவே "12 சதவீதம் வரும்" என்று யாராவது எக்செல் ஷீட் காட்டினால் அதை நம்பி ராஜினாமா எழுதாதீர்கள்.

ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு இருந்தால் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. 1994-இல் அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் செய்த கணக்கிலிருந்து வந்தது அது. அமெரிக்கச் சந்தை, அமெரிக்க விலைவாசி, 30 வருஷ ஓய்வு காலம் இவற்றை வைத்துச் செய்த கணக்கு. 47 வயதில் விடுபவருக்கு 40 வருஷத்துக்கு மேல் ஓட வேண்டும், நம் விலைவாசியும் வேறு. நான் 30 மடங்குக்குக் கீழே இறங்க மாட்டேன். 8 லட்சம் செலவுக்கு அது 2 கோடியே 40 லட்சம், தொடக்கூடாத பணம் போக.

## வழி 1: இப்போதே விடுவது

72 வயதில் பணம் தீரும்போது அவர் மனைவிக்கு 68. நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்கள்தான் கடைசி வரை இருக்கிறார்கள். அவருக்கு அதற்குப் பிறகு 15, 20 வருஷம் இருக்கலாம். அந்த வருஷங்களை மகன் தலையில் வைக்கும் முடிவு இது என்று நேராகவே சொன்னேன்.

கையில் வரும் பென்ஷனை நம்பி இறங்கவும் முடியாது. பி.எஃப்போடு சேர்ந்த இ.பி.எஸ் பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் பெரும்பாலானவர்களுக்கு 15,000 ரூபாயைத் தாண்டாது. அதைப் பணி வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 வருஷம் முழுக்க 15,000 கணக்கில் வேலை பார்த்தவருக்கே 7,500 ரூபாய்தான். 20 வருஷம் பார்த்து விட்டவருக்கு அதைவிடக் கணிசமாகக் குறையும். முழுத் தொகை 58 வயதில். 50-லிருந்தே வாங்கலாம், ஆனால் முன்னதாக வாங்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு.

பி.எஃப் பணத்தை எடுக்காமல் விட்டால் வட்டி ஓடும், 2024-25க்கு 8.25 சதவீதம். ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, பலருக்கு இது தெரியாது. நல்ல வட்டி தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 60 வயது ஆக வேண்டும், ஓய்வு பெற்றவர் என்றால் 55. 47-இல் அந்தக் கதவு மூடியிருக்கிறது. போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி சேர்ந்து 15 லட்சம் வரை போடலாம், அவ்வளவுதான்.

அப்புறம், பி.எஃப் பணம் கைக்கு வந்த செய்தி சொந்தத்துக்குள் பரவும். கைமாற்று கேட்டு வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவரவர் கஷ்டம் அவரவருக்கு. ஆனால் சம்பளக்காரர் "மாசக் கடைசி" என்று சொல்லித் தப்பிக்கலாம், மொத்தமாக வைத்திருப்பவருக்கு அந்தச் சொல் இல்லை. எனக்கு நெருங்கிய இருவர் இப்படிக் கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. பணத்தை ஆரம்பத்திலேயே எளிதில் உடைக்க முடியாத இடங்களில் கட்டிவிடுவது நல்லது.

மகனுக்குக் கல்விக் கடன் தேவைப்பட்டால் வங்கி அப்பாவின் வருமானத்தைக் கேட்கும். வேலையை விட்ட பிறகு அதற்குக் காட்ட சம்பளச் சீட்டு இருக்காது.

*யாருக்கு இது சரி:* மனைவி அல்லது கணவர் பென்ஷன் உள்ள அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. பிள்ளைகள் படித்து முடித்து, 30 மடங்கு கையில் இருப்பவர்களுக்கு. உடம்பு "போதும்" என்று சொல்லிவிட்டவர்களுக்கு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு இரவு ஷிஃப்ட் பார்ப்பவரிடம் நான் அட்டவணையைக் காட்ட மாட்டேன். செலவைப் பாதியாக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகச் சொல்வேன்.

## வழி 2: பாதி வேலைக்கு இறங்குவது

முழுச் சம்பளத்தை விட்டுவிட்டு, வீட்டுச் செலவின் பெரும்பகுதிக்கு வருகிற அளவு மட்டும் சம்பாதிப்பது. நம்மவருக்கு வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷனில் 20 வருஷ அனுபவம். சின்ன யூனிட்டுகள் நாள் கணக்கில் கூப்பிடத் தயாராக இருக்கின்றன. மனைவி வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். இருவருமாக மாதம் 50 ஆயிரம் என்பது ஆகாத காரியம் இல்லை.

அட்டவணையில் இந்த வரி ஏன் இவ்வளவு நன்றாக வருகிறது என்றால், எட்டு வருஷம் அந்த 1.7 கோடியிலிருந்து கொஞ்சம்தான் எடுக்கிறார். 55 வயதிலும் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய அதே 1.7 கோடி அப்படியே இருக்கிறது. சந்தை முதல் மூன்று வருஷத்தில் விழுந்தாலும் யூனிட்டை அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியதில்லை.

வரியிலும் கொஞ்சம் சாதகம். தொழில்நுட்ப ஆலோசனைக்கு வருமான வரிச் சட்டத்தின் உத்தேச லாப முறை (1961 சட்டத்தில் 44ஏடிஏ பிரிவு) பொருந்தினால் வரவில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டலாம். புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வழக்கமான வருமானத்துக்கு வரியே இல்லை. ஆனால் பங்கு, ஃபண்ட் விற்ற நீண்டகால லாபம் அந்தச் சலுகைக்குள் வராது. 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம் தனியாக உண்டு.

இதில் மறைந்திருக்கும் செலவுகள்: கம்பெனி போட்ட 12 சதவீதம் பி.எஃப் பங்கு போய்விடும். போக்குவரத்து, மடிக்கணினி, ஃபோன் எல்லாம் சொந்தக் காசு. பில் போட்ட பணம் மூன்று மாதம் கழித்து வரும், அதுவரை ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நானும் இரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி கணக்குப் பார்க்கிறேன். ஒரு மாதம் 30 ஆயிரம் வரும், அடுத்த மாதம் 4 ஆயிரம். மாதா மாதம் ஒண்ணாம் தேதி சம்பளம் பார்த்துப் பழகிய மனது இதற்குப் பழக ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வருஷம் வீட்டில் எரிச்சல் வரும். மனைவியிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முதல் போட்டுத் தொழில் தொடங்குவதை வழி 2 என்று நினைக்காதீர்கள். "சும்மா இருக்க முடியாது, ஒரு டீக்கடை ஃப்ரான்ச்சைஸ் எடுக்கலாம், ஊரில் கோழிப்பண்ணை போடலாம்" என்று 30 லட்சத்தை எடுத்தால், அட்டவணையில் உங்கள் வரி வழி 1-க்கும் கீழே போய்விடும். உங்கள் கையும் தலையும் சம்பாதிப்பதுதான் பாதி வேலை. ஓய்வுக்கான பணம் அதில் போய்ச் சேரக்கூடாது.

*யாருக்கு இது சரி:* கம்பெனிக்கு வெளியே விலைபோகும் கைத்தொழில் அறிவு இருப்பவர்களுக்கு: கணக்கு, வரைபடம், மென்பொருள், பயிற்றுவிப்பு, மெஷின் ரிப்பேர். உத்தியோகத்தில் பிடிக்காதது வேலையா அல்லது அந்த அலுவலகமா என்று யோசித்து, அலுவலகம்தான் என்று பதில் வருபவர்களுக்கு. வேலைக்குள் ஆட்களை நிர்வகிப்பது மட்டுமே தெரிந்தவர்களுக்கு இது கஷ்டம். விடுவதற்கு ஆறு மாதம் முன்னால் ஒரே ஒரு வெளி வேலையாவது வாங்கிச் செய்து, பணமும் கைக்கு வந்த பிறகு முடிவெடுங்கள். வேலையில் இருக்கும்போதே வெளி வேலை செய்ய உங்கள் நியமன உத்தரவு அனுமதிக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள்.

## வழி 3: இன்னும் ஐந்து வருஷம்

நான் போன வழி ஏறக்குறைய இதுதான், அவருக்கும் இதைத்தான் சொன்னேன்.

ஐந்து வருஷத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. இருக்கிற பணம் தொடாமல் வளர்கிறது, புதிதாகச் சேர்கிறது, மகனின் படிப்பு முடிகிறது. 52-இல் இன்றைய மதிப்பில் 2 கோடியே 7 லட்சம், 8 லட்சம் செலவுக்கு அது 26 மடங்கு. நான் சொன்ன 30-ஐத் தொடவில்லைதான். அதனால் 52-க்குப் பிறகு ஒரு மூன்று, நான்கு வருஷம் சின்ன வரவு ஏதாவது இருந்தால் நிம்மதி.

இந்த வழியின் ஆபத்து கணக்கில் தெரியாது. தனியார் கம்பெனியில் 50 வயது சம்பளக்காரர் செலவுக் குறைப்பு வரும்போது முதலில் கண்ணில் படுபவர். நீங்கள் ஐந்து வருஷம் என்று திட்டம் போட்டாலும் அவர்கள் இரண்டாவது வருஷத்தில் கடிதம் கொடுக்கலாம். எனவே முதல் நாளிலிருந்தே வழி 2-க்குத் தயாராக இருக்க வேண்டும். இன்னொரு ஆபத்து, "இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு இன்க்ரிமென்ட்" என்று தேதி நகர்ந்துகொண்டே போவது. தேதியை எழுதி வையுங்கள்.

இந்த ஐந்து வருஷத்துக்குள் செய்ய வேண்டியவை:

சொந்த மருத்துவப் பாலிசி இந்த மாதமே. என் கதையைப் படித்துவிட்டீர்கள்.

பி.எஃப்பில் கூடுதலாகப் போடலாம். ஆனால் உங்கள் பங்கு வருஷம் 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையின் வட்டிக்கு வரி.

கடைசி இரண்டு வருஷத்தில், நான்கைந்து வருஷச் செலவுக்கான பணத்தைப் பங்குச் சந்தையிலிருந்து டெபாசிட்டுக்கு மெதுவாக மாற்றுங்கள். ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான்.

எல்லாக் கணக்குகளிலும் நாமினி சரியாக இருக்கிறதா என்று மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். என்னிடம் வந்தவரின் பி.எஃப்பில் கல்யாணத்துக்கு முன் கொடுத்த அம்மாவின் பெயரே இருந்தது.

*யாருக்கு இது சரி:* பிள்ளைகள் இன்னும் பள்ளியில் இருப்பவர்களுக்கு, 20-லிருந்து 25 மடங்கு வரை சேர்த்திருப்பவர்களுக்கு, வேலை சலிப்புத் தந்தாலும் உடம்பைக் கெடுக்காதவர்களுக்கு.

## வழி 4: 58 வரை

பணக் கணக்கில் இதற்கு எதிரே ஒன்றும் நிற்காது. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை ஒவ்வொரு வருஷப் பணிக்கும் 15 நாள் சம்பளமாகக் கூடிக்கொண்டே வரும், 20 லட்சம் வரை வரியில்லை. ஓய்வு பெற்ற கையோடு, கெடு தாண்டுவதற்குள், மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் போடலாம். 2025-இல் இருந்த 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய்.

எங்கள் பிரிவில் ஒருவர் 58 முடித்து மாலையோடு வெளியே வந்தார். பத்ரிநாத், கேதார்நாத் போக வேண்டும் என்று பத்து வருஷம் பேசியவர். இரண்டு முழங்காலும் அதற்குள் போய்விட்டன, ஸ்ரீரங்கத்தில் பிராகாரம் சுற்றவே உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடந்தார். பணம் நிறைய இருந்தது.

*யாருக்கு இது சரி:* 15 மடங்குக்கும் குறைவாக இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லை. வீட்டுக் கடன் ஓடுபவர்களுக்கு, தாமதமாகக் கல்யாணமாகி பிள்ளைகள் சின்னவர்களாக இருப்பவர்களுக்கு, செய்கிற வேலை உண்மையிலேயே பிடித்தவர்களுக்கும்.

## அவர் என்ன செய்தார்

வழி 3. மேசைமேல் இருந்த மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியை மனைவியே எழுதினார். ஒத்திகையாக ஒன்று செய்யச் சொன்னேன்: ஒரு வருஷத்துக்கு மாதம் 75 ஆயிரத்தை மட்டும் ஒரு கணக்கில் போட்டு, மாதச் செலவு, மொய், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாவற்றையும் அதிலிருந்தே செய்வது. மிச்சச் சம்பளத்தைக் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பிவிடுவது. 9 லட்சம் என்பது தாளில் மட்டும் சரியா, வீட்டிலும் சரியா என்று அதில் தெரிந்துவிடும்.

மூன்று மாதம் ஆகிறது. நேற்று அவர் மனைவி ஃபோன் செய்தார். முதல் மாதம் 71 ஆயிரம், இரண்டாவது மாதம் 74. மூன்றாவது மாதம் 83. "மாமியாருக்குப் பல் செட் வெச்சோம் அண்ணே, அதை அந்தப் பத்து லட்சத்துல எழுதுறதா, இதுல எழுதுறதா?" என்று கேட்டார். அம்மாவின் பணத்தில் எழுதச் சொன்னேன்.